ஒப்பந்தமும் நிரந்தரமும்
மலேசியச் சுகாதாரப் பணியாளர்தம் பணிவிதிகள் பற்றிய ஓர் ஆய்வு

ஒப்பந்தம் என்னும் சொல் மலேசியத் தமிழர்க்குப் புதியது அன்று. இருவர் மனம் ஒத்துச் செய்துகொள்ளும் உடன்பாடு என்பதே அதன் பொதுப் பொருள். ஆயினும், தோட்டங்களுக்குக் கைநாட்டு வைத்து வந்தோரின் வழியினர்க்கு அச்சொல் வேறொரு நிழலையும் உடன்கொண்டு வருகிறது. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. நூறாண்டுக்கு மேல் கழிந்தபின், 2016ஆம் ஆண்டின் இறுதியில், அச்சொல் மீண்டும் நாளிதழ்களில் அடிக்கடி தோன்றலாயிற்று. இம்முறை அது ஒட்டிக்கொண்டது மருத்துவர் என்னும் சொல்லோடு.

பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு. அன்றைய கூலி கடனால் கட்டுண்டு, விலகிப்போக உரிமையின்றி இருந்தார். இன்றைய ஒப்பந்த மருத்துவர் கற்றவர், திங்கட் சம்பளம் பெறுபவர், வேண்டின் விலகலாம். அவர்தம் குறை வேறு வகையினது. விலகக்கூடாது என்பதன்று, நிலைத்திருக்க இடமில்லை என்பதே அது. இந்நிலை எவ்வாறு தோன்றியது, பின்னர் எவ்வாறு திருத்தப்பட்டு வருகிறது, அதனால் ஊர்மக்களின் உடல்நலத்திற்கு நேர்வது யாது என்பன ஆராயத்தக்கன. பணிவிதி என்பது அலுவலகச் சுற்றறிக்கைகளில் உறங்கும் செய்தி என்று பலர் கருதுவர். உண்மையில், காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் ஓடிவரும் வேளையில், மருத்துவமனையில் இருப்பவர் யார், எத்தனை ஆண்டுப் பயிற்சி உடையவர் என்பதை முடிவு செய்வது அப்பணிவிதியே ஆகும்.

சீருடையின் பொருள்

பொதுச் சுகாதாரப் பணியைச் சீருடைப் பணியாகவே அமைத்த நாடு ஐக்கிய அமெரிக்கா. கப்பலோட்டிகளின் மருத்துவ உதவிக்காக 1798ஆம் ஆண்டில் அங்கு ஒரு சட்டம் பிறந்தது. அதன்வழித் துறைமுகங்களில் மருத்துவமனைகள் எழுந்தன. ஆயினும், அவற்றின் மருத்துவர்கள் அந்தந்த ஊர்ச் செல்வாக்கினால் அமர்த்தப்பெற்றனர். 1871ஆம் ஆண்டில் அப்பணிக்குத் தலைவராக வந்த ஜான் உட்வர்த் என்பவர் இம்முறையை மாற்றினார். மருத்துவரைத் தேர்வு வைத்து எடுத்தல், சீருடை அணிவித்தல், ஓர் ஊருக்கென அமர்த்தாமல் பணி முழுமைக்கும் பொதுவாக அமர்த்தி வேண்டிய இடத்திற்கு மாற்றுதல் ஆகியன அவர் கொணர்ந்த முறைகள். 1889ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு உறுதி தந்தது.

இதில் நுணுகிக் காணத்தக்கது ஒன்று உண்டு. அச்சீருடை இருபுறக் கடப்பாட்டைக் குறித்தது. எங்கு அனுப்பினும் செல்வேன் என்பது அதிகாரியின் கடப்பாடு. பதவி உயர்வுக்கு ஒழுங்கான படிகளும், இருபது ஆண்டு பணிபுரிந்தபின் ஓய்வூதியத்திற்கு வழியும் தருவேன் என்பது அரசின் கடப்பாடாக வளர்ந்தது. சீருடை கடமையைக் காட்டும். பணிவிதி உரிமையைக் காட்டும். இவ்விரண்டும் தராசின் இரு தட்டுகளைப் போல்வன. ஒரு தட்டு தாழ்ந்து மற்றது உயருமாயின் பணி தளரும்.

மலேசியாவில் இதனை ஒத்த தனிப்படை இல்லை. ஆயினும் தாதியர், துணை மருத்துவ அதிகாரிகள், சுகாதார இன்ஸ்பெக்டர் என்று மக்கள் இன்றும் அழைக்கும் சுற்றுப்புறச் சுகாதார அதிகாரிகள் ஆகியோர் சீருடையில் பணிபுரிகின்றனர். மருத்துவரோ வெள்ளை அங்கியினர். பெர்லிஸ் முதல் சபா வரை எங்கு மாற்றினும் செல்லவேண்டிய கடமை இவர்க்கும் உண்டு. ஆதலின் மேற்சொன்ன தராசு இங்கும் பொருந்தும்.

கிள்ளான் கற்பித்த பாடம்

ஒரு சுகாதார அதிகாரி ஓரிடத்தில் நெடுங்காலம் நிலைத்திருப்பதால் விளையும் பயன் யாது? இதற்குக் கிள்ளானை விடச் சிறந்த சான்று காண்டல் அரிது.

1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்டத்திற்கு வந்து சேர்ந்தார். மலேரியாவைப் பரப்புவது கொசு என்று ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டறிந்து அப்பொழுது நான்கு ஆண்டுகளும் நிறைந்திருக்கவில்லை. கிள்ளான் சதுப்பு நிலங்கள் சூழ்ந்த சிற்றூர். அண்மையில், இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம் அவ்வாண்டிலேதான் திறக்கப்பட்டது. திறந்த சில திங்களுக்குள் காய்ச்சல் பரவி, துறைமுகத்தையே மூடவேண்டுமோ என்னும் நிலை தோன்றிற்று.

சதுப்பை வடியச் செய்க, காட்டை வெட்டுக என்றார் வாட்சன். அரசு செவிசாய்த்தது. வாய்க்கால்கள் வெட்டப்பட்டன, பள்ளங்கள் தூர்க்கப்பட்டன. கிள்ளானிலும் துறைமுகத்திலும் 1901ஆம் ஆண்டில் நேர்ந்த இறப்புகள் 582. மறு ஆண்டில் 144. கொசுவை ஒழிப்பதால் ஓர் ஊரைக் காக்க இயலும் என்பதற்கு உலகில் முற்பட எழுந்த சான்றுகளுள் இஃது ஒன்று.

ஆயினும் பாடம் அத்துடன் முடியவில்லை. கடலோரத்தில் வெற்றி தந்த அதே முறையை மலைச்சாரல் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் மிகுந்தது. காரணம் என்ன? கடலோரச் சதுப்பில் நோய் பரப்பிய கொசு நிழலை விரும்புவது. காட்டை வெட்டி வெயில் பட்டால் அது மறையும். மலையோடைகளில் வாழும் கொசுவோ வேறு இனம். அது வெயில் படும் தெளிந்த நீரை நாடுவது. ஆதலின் அங்குக் காட்டை வெட்டுதல் அதற்கு விருந்து வைத்தலாயிற்று. நிலத்தடிக் குழாய்களில் ஓடைநீரைச் செலுத்தியும், நீர்மேல் எண்ணெய் தெளித்தும் மலைப்பகுதிக்கெனத் தனிமுறை பின்னர் வகுக்கப்பட்டது.

இவ்வேறுபாட்டை அறிய ஓராண்டு போதவில்லை, மூன்றாண்டும் போதவில்லை. வாட்சன் அரசுப் பணியிலும், பின்னர்த் தோட்டங்களின் மருத்துவராகவுமாக, 1928ஆம் ஆண்டு வரை மலாயாவில் இருந்தார். ஒவ்வோர் ஓடையும் ஒவ்வொரு லயமும் அவர்க்குப் பழக்கமாயின. நூலறிவை எங்கிருந்தும் வரவழைக்கலாம். இடத்தைப் பற்றிய அறிவு அவ்விடத்தில் தங்கியிருந்தோரிடமே விளையும்.

பிரிக்பீல்ட்ஸும் பென்சனும்

அரசுப் பணியாளரைத் தங்கச் செய்வதற்கு அந்நாளைய ஆட்சி கையாண்ட வழிகள் இரண்டு: வீடும் பென்சனும். இவ்விரண்டின் பயனையும் ஒருங்கே கண்டது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ். இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தராகவும் தொழில்நுட்பராகவும் பணிபுரிந்த யாழ்ப்பாணத் தமிழரும் பிறரும் அங்குத் திரண்டு வாழ்ந்தனர். நூறு குவாட்டர்ஸ் எனப் பெயர்பெற்ற அரசு வீட்டு வரிசைகள், பின்னாளில் இடிக்கப்படும் வரை, அவ்வட்டாரத்தின் அடையாளமாக விளங்கின. சர்க்கார் உத்தியோகம் என்றால் வாழ்நாள் உத்தியோகம் என்பது அங்குப் பிறந்த பிள்ளைகள் பாலுடன் பருகிய கருத்து. கந்தசுவாமி கோயிலும் விவேகானந்தா ஆசிரமப் பள்ளியும் தழைத்தற்கு இத்தகைய நிலையான குடும்பங்கள் உறுதுணையாயின எனலாம்.

நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டமும் இந்நிலைபேற்றைப் போற்றியது. 135ஆம் பிரிவு, விளக்கம் கூற வாய்ப்பளிக்காமல் அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்தலைத் தடுக்கிறது. 147ஆம் பிரிவு, ஓய்வூதிய விதிகள் பின்னர் மாறினும் அம்மாற்றம் ஊழியர்க்குப் பாதகமாகாதவாறு காக்கிறது. 1980ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டப்படி, இறுதிச் சம்பளத்தை 600ஆல் வகுத்து, பணிசெய்த திங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் திங்கள் ஓய்வூதியம் கிடைக்கும். முப்பது ஆண்டு, அதாவது 360 திங்கள் பணிபுரிந்தவர் இறுதிச் சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்கு பெறுவர். அதுவே உச்ச வரம்பு. ஓய்வு பெறும் வயதும் 55இலிருந்து படிப்படியாக உயர்ந்து, 2012ஆம் ஆண்டில் 60 ஆயிற்று. நெடுங்காலம் இருப்போர்க்கு நற்பயன் என்பதே இக்கணக்கின் உட்கருத்து.

2016ஆம் ஆண்டில் நேர்ந்தது என்ன?

அதுவரை மருத்துவப் பட்டம் பெற்று அரசுப் பணியில் சேர்ந்தோர் நிரந்தரப் பதவியிலேயே அமர்த்தப்பெற்றனர். 2016ஆம் ஆண்டு டிசம்பர் முதல் புதியோர் ஒப்பந்த முறையில் சேர்க்கப்பட்டனர். பல் மருத்துவரும் மருந்தாளரும் இதற்கு உட்பட்டனர்.

காரணங்கள் பல. உள்நாட்டில் மருத்துவக் கல்லூரிகள் பெருகின. புதிய மருத்துவப் படிப்புகளைத் தொடங்க 2011ஆம் ஆண்டில் தடை விதிக்க நேர்ந்ததே அப்பெருக்கத்திற்குச் சான்று. வெளிநாடுகளில் கற்றுத் திரும்பியோரும் பலர். வீட்டை ஈடு வைத்தும் சேமநிதியை எடுத்தும் பிள்ளையை மருத்துவம் கற்க அனுப்பிய பெற்றோர் இந்தியக் குடும்பங்களிலும் உண்டு. மேலும், பட்டதாரிகள் மருத்துவமனையில் பெறவேண்டிய கட்டாயப் பயிற்சி 2008ஆம் ஆண்டில் ஓராண்டிலிருந்து ஈராண்டாக நீண்டது. எனவே ஒரு பயிற்சியிடம் காலியாவதற்கு முன்னிலும் இருமடங்கு காலமாயிற்று. பட்டம் பெற்றும் இடமின்றிக் காத்திருப்போர் தொகை வளர்ந்தது. நிரந்தரப் பதவிகளோ அதற்கேற்ப வளரவில்லை. காத்திருப்போர்க்கு விரைவில் பயிற்சியிடம் தருதற்கு ஒப்பந்தமே வழி என அரசு கொண்டது. அந்நோக்கம் தவறென்று கூறவியலாது. பயிற்சியிடம் கிடைக்காத பட்டதாரிக்கு ஒப்பந்தமும் ஒரு கதவே.

ஆயினும் அக்கதவிற்கு அப்பால் வழி குறுகியிருந்தது. முதலில் மூன்றாண்டு, பின்னர் இரண்டாண்டு நீட்டிப்பு. ஐந்தாண்டு முடிந்தால் என்ன செய்வது என்பதற்கு விடையில்லை. சம்பளத்துடன் கூடிய நிபுணத்துவப் படிப்பு நிரந்தரப் பதவியினர்க்கே உரியதாக இருந்தது. நிபுணராகாத மருத்துவர் வளராத மரம் போன்றவர்; காய் உண்டு, ஆயின் நிழல் சிறிது.

2021ஆம் ஆண்டு சூலைத் திங்கள்

முதலில் சேர்ந்தவர்க்கு ஐந்தாண்டு நிறைவுறுவது 2021ஆம் ஆண்டு டிசம்பரில். அவ்வாண்டே பெருந்தொற்று கிள்ளான் பள்ளத்தாக்கைக் கொடிதாகத் தாக்கியதும் நேர்ந்தது. சூலைத் திங்களில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் படுக்கைகள் போதாமல் வெளியே கூடாரங்கள் எழுப்பப்பட்டன. நோயாளர்தம் அருகில் பாதுகாப்பு உடையணிந்து இரவுபகல் நின்றோருள் ஒப்பந்த மருத்துவர் பெருந்தொகையினர்.

அவ்வேளையில் வெளியான கணக்கு மக்களைத் திகைக்க வைத்தது. 2016ஆம் ஆண்டு முதல் 2021ஆம் ஆண்டு மே வரை ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டோர் மருத்துவர் 23,077, பல் மருத்துவர் 5,000, மருந்தாளர் 7,139. ஆக 35,216 பேர். அம்மருத்துவருள் நிரந்தரப் பதவி பெற்றோர் 789 பேரே. நூற்றுக்கு மூவர்க்குச் சற்று மிகுதி.

சூலை 23ஆம் நாள் அன்றைய பிரதமர் முகைதீன் யாசின், ஒப்பந்தம் மேலும் இரண்டாண்டு நீட்டிக்கப்படும் என்றும், நிபுணத்துவம் கற்போர்க்கு நான்காண்டு வரை நீட்டிக்கப்படும் என்றும் அறிவித்தார். நீட்டிப்பு வேறு, நிலைபேறு வேறு என்றனர் இளம் மருத்துவர். சூலை 26ஆம் நாள் கறுப்புடை அணிந்து, கோலாலம்பூர், சுங்கை பூலோ, கிள்ளான் முதலிய இடங்களின் மருத்துவமனைகளிலிருந்து வெளிநடப்புச் செய்தனர். சிறிது நேரத்தில் பணிக்குத் திரும்பினர்.

அவ்வியக்கம் தனக்கு இட்டுக்கொண்ட பெயர் ஹர்த்தால். சொல்லாய்வார்க்கு இஃது இனிய செய்தி. குசராத்தி மொழிவழி வந்த இச்சொல்லில் கடையைக் குறிக்கும் ஒரு சொல்லும் பூட்டைக் குறிக்கும் ஒரு சொல்லும் இணைந்துள்ளன. நம் வழக்கிலுள்ள கடையடைப்பு என்பதே அதன் நேர்ப்பெயர். 1947ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் மலாயா முழுதும் நிகழ்ந்த அரசியல் ஹர்த்தாலுக்குப் பின் இந்நாட்டு நினைவில் நின்ற சொல் அது. மருத்துவர்க்கோ கடையும் இல்லை, பூட்டும் இல்லை. நோயாளியைத் தவிக்கவிட்டு நிறுத்தும் வேலைநிறுத்தம் அறமாகாது என்பதை உணர்ந்தே, சகாக்களிடம் பொறுப்பை ஒப்படைத்துச் சிலமணி அளவில் நடத்தினர். சீருடைப் பணியாளர்தம் இக்கட்டு இதுவே. ஏனைத் தொழிலாளர்க்குள்ள வலிய கருவி இவர்க்கு இல்லை. கருவி இல்லார்க்கு விதியே காவல் ஆதல் வேண்டும்.

பின்வந்த திருத்தங்கள்

2022ஆம் ஆண்டில் மருத்துவர்க்கு 3,586 நிரந்தரப் பதவிகளும், அடுத்த மூன்றாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 1,500 பதவிகளும் அறிவிக்கப்பட்டன. கதவு அகன்றது, வரிசை தீரவில்லை. 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் 3 முதல் 5 வரை மீண்டும் ஒரு மறியல் எழுந்ததே அதற்குச் சான்று. இதற்கிடையில் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குச் சென்றோரும் உளர்.

2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் தொட்டு அரசுப் பணியில் புதிதாகச் சேர்வோர் பழைய ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வாரார். ஊழியர் சேமநிதி வாரியத்தில் சந்தா செலுத்துவோராவர் என அரசு அறிவித்தது. பெருகிவரும் ஓய்வூதியச் செலவு இதற்குக் கூறப்பட்ட காரணம். ஆகவே, நிரந்தரம் என்னும் சொல்லின் பொருளே மாறத் தொடங்கியுள்ளது. நேற்றைய தாத்தா அறிந்த நிரந்தரம் முதுமை வரை நீள்வது. நாளைய பேரன் அறியும் நிரந்தரம் பணிக்காலத்தோடு நிற்பது. அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள், 2002ஆம் ஆண்டிலிருந்து நிலவிய சம்பள முறை மாற்றப்பட்டுப் புதியது நடப்புக்கு வந்தது. பதவிப் படிகளின் எண்களும் மாறின. பட்டதாரி அதிகாரியின் தொடக்கப் படியாகிய 41 என்பது 9 ஆயிற்று. சம்பள உயர்வு இரு கட்டங்களாக வகுக்கப்பட்டது.

இப்புதிய முறையோடு வேலை நேரம் பற்றிய வினாவும் எழுந்தது. வாரத்திற்கு 42 மணி முறைவேலை செய்துவந்த தாதியர் 45 மணி வேலை செய்யவேண்டும் என்பது விதி. மூன்று மணிதானே என்று எண்ணுவோர், இரவு முறை முடித்து விடியலில் வீடு திரும்பிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாதியின் கண்களைக் காணல் வேண்டும். தாதியர் சங்கம் எதிர்த்தது. அவர்க்கு அவ்விதியின் அமலாக்கம் ஒத்திவைக்கப்பட்டது.

அருகிருப்போரும் அங்கமே

மருத்துவரைப் பற்றிய பேச்சில் ஏனையோர் மறக்கப்படுதல் இயல்பு. ஆனால் வள்ளுவர் மறந்தாரில்லை. மருந்து என்னும் அதிகாரத்தில் அவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன். நான்காமவரை மருத்துவத்தின் ஓர் அங்கமாகவே எண்ணியது ஓர்தற்குரியது.

தோட்டத்து மக்கள் டிரெஸர் என்றழைத்த மருத்துவ உதவியாளர் அத்தகையோர். மருத்துவர் எப்பொழுதோ வருவார். டிரெஸர் என்றும் இருப்பார். எந்த லயத்தில் எவர்க்கு நீரிழிவு, எந்தக் கிணறு மழையில் கலங்கும் என்பதெல்லாம் அவர்க்கு மனப்பாடம். 1965ஆம் ஆண்டில் தோட்ட மருத்துவ உதவியாளர்க்கெனப் பதிவுச் சட்டமே இயற்றப்பட்டது. சுகாதார அதிகாரிகளும் அவ்வாறே. 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டமும், 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டமும் இவர் கையில் அதிகாரம் தந்துள்ளன. பூந்தொட்டியின் தட்டிலும் கூரைத் தாழ்வாரத்திலும் ஏடிஸ் கொசுவின் புழுவைத் தேடி வீடுவீடாக ஏறியிறங்குவோர் இவரே. வாட்சன் சதுப்பில் செய்ததை இவர் அடுக்குமாடியில் செய்கின்றனர். எவ்வீட்டார் கதவைத் திறப்பர், எக்கட்டடத்தில் நீர்த்தொட்டி மூடியின்றிக் கிடக்கும் என்பதைப் புதிதாக வந்தவர் அறியார்.

நோக்கத்தக்க மூன்று வினாக்கள்

பணிவிதித் திருத்தங்கள் இனியும் வரும். ஒவ்வொன்றையும் எடைபோட மூன்று வினாக்கள் போதும். பணியாளர் தம் ஊரை அறியும் அளவு அங்குத் தங்க இவ்விதி இடம் தருகிறதா? மேற்கல்வி பெற்று உயர வழி வைக்கிறதா? உழைத்து ஓய்ந்தபின் வாழ்வுக்கு உறுதி காட்டுகிறதா? மூன்றுக்கும் ஆம் என விடை வருமாயின், அதன் பெயர் ஒப்பந்தம் ஆயினும் குறையில்லை. மூன்றுக்கும் இல்லை என வருமாயின், நிரந்தரம் என்று பெயரிட்டும் பயனில்லை.

அரசின் கருவூலத்திற்கு எல்லை உண்டு என்பதும் உண்மையே. பட்டம் பெற்றோர் அனைவர்க்கும் வாழ்நாள் பதவி தருதல் எந்நாட்டிற்கும் எளிதன்று. ஆயினும் சிக்கனம் எங்குச் செய்வது என்பதில் தெளிவு வேண்டும். மருத்துவம் கற்கச் செல்லும் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் இந்நிலையை முன்னரே எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன். பட்டம் பெறுதல் பதவி பெறுதலாகாது என்பதைப் பயணச்சீட்டு வாங்குமுன் அறிதல் நன்று.

கிள்ளானில் 1901ஆம் ஆண்டில் வாய்க்கால் வெட்டியது பெருஞ்செலவே. அச்செலவைத் தவிர்த்திருந்தால் அவ்வாண்டில் சில வெள்ளி மிஞ்சியிருக்கும். ஊர் எஞ்சியிருக்குமா என்பது ஐயம். பயிற்சி பெற்ற பணியாளரைத் தங்கவைக்கும் செலவும் அவ்வாய்க்காலைப் போன்றதே. நோயில்லாத நாளில் அது வீண்போலத் தோன்றும். நோய் வந்த நாளில் அதுவே ஊரைக் காக்கும்.